வந்தவருக்குத் தெளிந்த தண்ணீர்

என் சம்பந்தி முருகேஸ்வரி எங்கள் வீட்டுக்கு வரும்போது வெற்றிலை பாக்கு கொண்டுவருவாள், பூ கொண்டுவருவாள், ஸ்ரீவைகுண்டத்து வாழைப்பழம் கொண்டுவருவாள். இந்த வருஷம் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வந்தபோது தண்ணீரும் கொண்டுவந்தாள். நான் செம்பில் மொண்டு நீட்டிய தண்ணீரை இரண்டு கையாலும் வாங்கினாள். மரியாதையாக ஸ்டூல் மேல் வைத்தாள். பிறகு தன் பையிலிருந்து பச்சை மூடி போட்ட பாட்டிலை எடுத்து மடக் மடக்கென்று குடித்தாள்.

"தப்பா நினைக்காதிய மதினி. உங்க தெருத் தண்ணியப் பத்தி டாக்டரம்மா ஒரு மாதிரி சொன்னாவ" என்றாள்.

தப்பாக நினைக்காமல் வேறு எப்படி நினைப்பது? கொடைக்கு வந்த சொந்தக்காரர்கள் இருபது பேர் நடுவீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். என் செம்பு ஸ்டூல் மேல் அநாதையாக நிற்கிறது. அதோடு விட்டாளா?

"இசக்கிசெல்விக்குப் பிரசவம் எங்க ஊர்லயே பாத்துக்கிடுதோம். ஆத்துத் தண்ணி இருக்கு, பக்கத்துலயே ஆஸ்பத்திரி இருக்கு. இங்கன கூட்டிட்டு வந்து எதுக்கு வம்பு?"

என் மகள் ஆறு மாத வயிற்றோடு பக்கத்தில் உட்கார்ந்து தரையில் டைல்ஸ் எண்ணிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை செந்தூர்வேல் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் பக்கம் தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான். என் மாமியாருக்கும் எனக்கும் முகத்தில் விழிக்கிற உறவுகூட இல்லாத காலத்தில், அவர்களே வண்டி பிடித்து என்னை என் அம்மா வீட்டுக்கு அனுப்பி வைத்தார்கள். பெற்றவள் வீட்டுத் தண்ணீர் சரியில்லை என்று ஒரு பிள்ளையை நிறுத்திவைத்த கதையை நான் கேள்விப்பட்டதே கிடையாது. மானம் கப்பலேறியது என்று சொல்வார்கள். எங்களுக்கென்ன, துறைமுகம் பக்கத்திலேயே இருக்கிறது, ஏறுவதற்கு நேரமே ஆகவில்லை.

இதில் பெரிய எரிச்சல் எது தெரியுமா? அவள் சொன்னது உண்மை.

எங்கள் தெரு மாப்பிள்ளையூரணி ஊருக்கே கடைசி. அதற்கப்புறம் உடைமரக்காடு, அதற்கப்புறம் உப்பளம். தெருவுக்கு நடுவில் ஓர் ஆழ்குழாய்க் கிணறு, மோட்டார், சிமெண்டுத் தொட்டி. தண்ணீர் எப்போதுமே செம்மண் கலங்கலாகத்தான் வரும். அது பழகிப்போனது. ஆனால் ஐந்து வருஷத்துக்கு முன்பு காட்டோரம் பேச்சிராஜா என்ற மகராசன் ஒரு கொட்டகை போட்டான். பழைய லாரி பேட்டரிகளை வாங்கி உடைத்து, உள்ளே இருக்கிற ஈயத்தை உருக்கி விற்கிற தொழில். 'சுற்றுச்சூழலுக்கு உகந்த மறுசுழற்சி மையம்' என்று போர்டு வைத்திருக்கிறான், பச்சை எழுத்தில். அவன் வந்த மறு வருஷத்திலிருந்து தண்ணீர் வாயில் பட்டால் பழைய சாவியைச் சப்பியது போல இருக்கிறது.

கேன் தண்ணீர் வாங்கக் கூடாதா என்று கேட்பீர்கள். வாங்கினோம். கேன் மேல் பனிமலைப் படம் ஒட்டியிருக்கிறது. அந்த மலை எங்கே இருக்கிறது என்று பார்த்தால், எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு போர்வெல்லில் இருக்கிறது.

தாமிரபரணித் தண்ணீர்க் குழாய் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு முன்னால் வந்து நின்றுவிட்டது. நாங்கள் 'மூன்றாம் கட்டம்' என்றார்கள். முதல் கட்டம் முடிந்தவர்கள் இரண்டாவது பேரனும் எடுத்துவிட்டார்கள். என் வீட்டுக்காரர் அய்யாக்குட்டி தெரு நலச் சங்கத்தின் செயலாளர். எங்கள் பலசரக்குக் கடையில் வியாபாரம் பார்ப்பது நான், மனு எழுதுவது அவர். ஒன்பது மனு கொடுத்து, 'தங்கள் மனு பெறப்பட்டது' என்று ஒரே ஒரு பதில் வாங்கியிருந்தார். அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறார். ஒன்பதாவது மனுவின்போது ஒரு கிளார்க் மனம் இரங்கி ரகசியம் சொன்னாராம். தண்ணீரில் ஈயம் மாதிரி கன உலோகம் இருக்கிறது என்று அரசு ஆய்வக ரிப்போர்ட் வந்தால் கட்டமாவது வட்டமாவது, ஒரே மாதத்தில் அவசர இணைப்பு கொடுத்தே ஆக வேண்டும்.

ஆக, என் மகள் என் வீட்டுக்கு வர வேண்டுமென்றால் என் தெருத் தண்ணீர் விஷம் என்று நிரூபிக்க வேண்டும். வேறு எந்தத் தாய்க்கு இப்படி ஒரு வேண்டுதல் வந்திருக்கும்?

அப்போதுதான் ஞானசௌந்தரி டீச்சர் வந்து சேர்ந்தாள். கடைக்குப் பின்னால் காலி மனையில் ஒரு பெண்பிள்ளை மம்பட்டியும் கையுமாக வேர் தோண்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துப் புதையல்காரி என்று நினைத்து விரட்டப் போனேன்.

"யக்கா, நான் காலேஜ் டீச்சர். கெமிஸ்ட்ரி. இந்த மஞ்சணத்தி வேரு கொஞ்சம் வேணும்" என்றாள். பனிமய மாதா கோயில் பக்கம் வீடாம். அப்பா சங்கு குளித்தவராம். மகள் பி.எச்டி. முடித்துவிட்டு எங்கள் காலி மனையில் முக்குளிக்கிறாள்.

மஞ்சணத்தியை யாரும் நட்டு வளர்ப்பதில்லை. வேலியோரம் தானாக முளைக்கும், வெட்டினால் மறுபடி முளைக்கும், எங்கள் வீட்டுக்காரர் மனு போடுவது போல. அதன் வேர்ப்பட்டையை அரைத்துச் சாறெடுத்து, வடிதாளில் தோய்த்து, நிழலில் காயவைத்து, நாடா நாடாக நறுக்கி வைத்திருந்தாள். மஞ்சள் நிறம். உலோகம் கலந்த தண்ணீரில் முக்கினால் சிவந்துவிடுமாம்.

"இதுக்கா மெனக்கெட்டுப் படிச்சிய?" என்று கேட்டேன்.

"ஒரு மிஷின்ல வச்சுப் பாக்கணும்னா சாம்பிள மதுரைக்கு அனுப்பணும்க்கா. இது உங்க கடை வாசல்லயே சொல்லிரும். எவ்வளவு இருக்குன்னு துல்லியமாச் சொல்லாது, இருக்குன்னு சொல்லும்."

மோட்டாரைப் போட்டுக் குழாயிலிருந்து நேராக ஒரு டம்ளர் பிடித்து முக்கினாள். நான் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருந்தேன். நாற்பது எண்ணுவதற்குள் மஞ்சள் நாடா, வெற்றிலை போட்ட வாய் மாதிரி சிவந்துவிட்டது. கேன் தண்ணீரிலும் முக்கினாள். பனிமலையும் சிவந்தது.

"எஞ் சேசுவே, இவ்வளவு செவக்கும்னு நானே நினைக்கல" என்று அவள் நெஞ்சில் கை வைத்தாள்.

எனக்கோ தலைகால் புரியவில்லை. தெருவே விஷம் குடித்துக்கொண்டிருக்கிறது என்று தெரிந்து கைதட்டிய ஒரே பைத்தியக்காரி நானாகத்தான் இருப்பேன். அவளுக்கு ஒரு பன்னீர் சோடா உடைத்துக் கொடுத்தேன்.

அந்தச் சிவந்த நாடாவைத் தூக்கிக்கொண்டு டீச்சரும் என் வீட்டுக்காரரும் அலுவலகம் அலுவலகமாக ஏறினார்கள். "இலை தழையெல்லாம் வச்சு ரிப்போர்ட் குடுக்க முடியாதும்மா" என்று உதவிப் பொறியாளர் சிவசுப்பிரமணியன் சிரித்தாராம். இலை இல்லை, வேர் என்று டீச்சர் திருத்தினாளாம். நாலு முறை நடந்த பிறகு, வேறு வழியில்லாமல், நேரில் வந்து மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப ஒத்துக்கொண்டார். மகளுக்கு அப்போது ஏழு மாதம் முடிந்து எட்டு பிறந்திருந்தது.

அதிகாரி வருகிறார் என்றதும் எங்கள் தெருவைப் பார்த்திருக்க வேண்டும். தெரு முழுக்கக் கோலம். என் வீட்டுக்காரர் சாமியானா போட்டார். வடை, கேசரி, பொன்னாடை. "தண்ணி நாசமாப் போச்சுன்னு காட்டுறதுக்குக் கூப்பிட்டிருக்கா, இல்ல அவருக்குக் கல்யாணமா?" என்று கேட்டேன். "ஏளா, மரியாதை தெரியாத தெருன்னு நினைச்சிரக் கூடாதுல்லா" என்றார். செயலாளர் பேச்சுக்கு மறுபேச்சு உண்டா?

எல்லா ஏற்பாடும் பண்ணினவர் ஒன்றை மட்டும் கோட்டை விட்டுவிட்டார். அன்று மாதாந்திர மின் பராமரிப்பு. காலை ஒன்பதிலிருந்து இரண்டு வரை கரண்ட் கிடையாது. முந்தின நாளே பேப்பரில் வந்திருக்கிறது. தலைப்பிலிருந்து கடைசிப் பக்கத்துப் பிரிண்டர் பெயர் வரை படிக்கிற மனிதர், அந்த மூன்று வரியைப் படிக்கவில்லை.

சிவசுப்பிரமணியன் சார் பத்தரைக்கு வந்தார். பொன்னாடை போர்த்தினார்கள். வடை தின்றார். மோட்டாரைப் போடச் சொன்னார். போட்டார்கள். அது சும்மா இருந்தது.

"கரண்ட் இல்லன்னா நான் என்னங்க பண்ண? எனக்கு இன்னும் மூணு இடம் இருக்கு. வீட்ல பிடிச்சு வச்ச தண்ணி இருக்கும்ல, அதுல ஒரு லிட்டர் குடுங்க."

"சார், மாதிரி நேரா குழாயிலதான் எடுக்கணும்" என்றாள் டீச்சர்.

"அப்ப அடுத்த மாசம் வரட்டுமா?"

அடுத்த மாதம் என்றால் என் பேரனோ பேத்தியோ ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்துவிடும். "வேண்டாம் வேண்டாம் சார், வீட்டுத் தண்ணியே இருக்கு!" என்று என் வீட்டுக்காரர் அலறினார். டீச்சர் என்னைப் பார்த்து, "காய்ச்சாத தண்ணியாக் குடுங்கக்கா, பச்சத் தண்ணி" என்று மட்டும் சொன்னாள்.

உள்ளே போனேன். முற்றத்தில் பிளாஸ்டிக் டிரம் இருந்தது. முந்தா நாள் பிடித்த தண்ணீர். அடியில் செம்மண், மேலே ஆடை, ஓர் எறும்பு வேறு நீச்சல் பழகிக்கொண்டிருந்தது. அடுக்களையில் மண்பானை இருந்தது. அதே குழாய்த் தண்ணீர்தான். ஆனால் நான் தினமும் காலையில் பானையின் உள்பக்கத்தில் தேற்றாங்கொட்டையைச் சந்தனம் மாதிரி உரசிவிட்டுத்தான் தண்ணீர் ஊற்றுவேன். இரண்டு மணி நேரத்தில் மண்ணெல்லாம் அடியில் படிந்து, மேலே தண்ணீர் கண்ணாடியாக நிற்கும். எங்கள் கடையிலேயே நாட்டு மருந்து டப்பாவில் அந்தக் கொட்டை இருக்கிறது.

டிரம்மையும் பார்த்தேன், பானையையும் பார்த்தேன். சாமியானாவின் கீழ் பொன்னாடையோடு ஒரு பெரிய மனுஷன் உட்கார்ந்திருக்கிறார். முருகேஸ்வரி ஸ்டூல் மேல் வைத்த செம்பு என் கண்ணில் வந்து நின்றது. என் வீட்டுக்கு வந்த ஆளுக்கு எறும்பு மிதக்கிற தண்ணீரையா கொடுப்பேன்? குடிக்கத்தான் கேட்டாரா, சோதிக்கக் கேட்டாரா என்றெல்லாம் கை யோசிக்கவில்லை. செம்பைப் புளி போட்டு விளக்கி, பானையிலிருந்து மேலாக மொண்டு, துணியில் வடிகட்டி, அவர் கொடுத்த பாட்டிலில் நிறைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பச்சைத் தண்ணீர்தான். காய்ச்சவில்லை. டீச்சர் சொல்லை நான் மீறவில்லை.

"பரவால்லியே, தண்ணி பளிங்கா இருக்கே!" என்றார் சார். எனக்குப் பெருமையாக இருந்தது. இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

டீச்சர் அதிலிருந்து கொஞ்சம் டம்ளரில் ஊற்றி, தெரு ஜனம் பார்க்க நாடாவை முக்கினாள். நாற்பது எண்ணினோம். மஞ்சள். நூறு எண்ணினோம். மஞ்சள். இன்னொரு நாடா முக்கினாள், இன்னொன்று முக்கினாள். மூன்றும் மஞ்சள் பூசிக் குளித்த கல்யாணப் பெண் மாதிரி நின்றன. டீச்சர் முகம் செத்துப்போயிற்று. "போன தடவ செவந்துச்சு சார், இந்த அக்காவும் பாத்தாங்க" என்றாள். "வேரு பழசாயிருக்கும்மா" என்றார் அவர், கேசரியை வழித்துக்கொண்டே. போகும்போது படிவத்தில் 'மாதிரி எடுக்கப்பட்ட இடம்: ஆழ்குழாய்க் கிணறு' என்று எழுதியதை நான் பார்த்தேன். பார்த்தும் வாயைத் திறக்கவில்லை.

மூன்று வாரத்தில் ரிப்போர்ட் வந்தது. 'ஈயம்: அனுமதிக்கப்பட்ட வரம்புக்குள்.' எங்கள் பத்து வருஷ வேண்டுதலுக்கு ஒரு வரியில் பால் ஊற்றிவிட்டார்கள். மறுபரிசோதனை ஒரு வருஷம் கழித்துத்தானாம்.

பேச்சிராஜா அந்த ரிப்போர்ட்டைப் பெரிதாக்கித் தெருமுனையில் பிளெக்ஸ் வைத்தான். 'தூய நீர், தூய உள்ளம். வதந்தி பரப்புவோர் வாயடைப்பு.' அதில் அவன் கும்பிட்டுக்கொண்டு நிற்கிற படம். தண்ணீருக்கும் அவனுக்கும் சம்பந்தமே இல்லை என்றால் அவன் எதற்குக் கும்பிட வேண்டும் என்று ஒருத்தனும் கேட்கவில்லை. பேப்பரிலும் ஒரு மூலையில் வந்தது. இந்த முறை என் வீட்டுக்காரர் தவறாமல் படித்தார். படித்துவிட்டு மத்தியானச் சாப்பாடு வேண்டாம் என்றார்.

மறுநாள் ஞானசௌந்தரி வந்தாள். கண்ணுக்குக் கீழே கருப்பு. காலேஜில் அவளை 'மஞ்சணத்தி டாக்டர்' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்களாம். "எங்கன தப்புப் பண்ணுனேன்னு தெரியலக்கா" என்று அடுக்களை வாசலில் உட்கார்ந்தாள். டீ போட எழுந்தேன். அவள் பானைக்குப் பக்கத்தில் மாடத்தில் கிடந்த கொட்டையை எடுத்து உருட்டிப் பார்த்தாள்.

"இது என்னதுக்கா?"

"தேத்தாங்கொட்டை. பானைல உரசுவேன். தண்ணி தெளியும்."

"எந்தப் பானைல?"

அவள் கேட்ட விதத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. "அன்னைக்கு சாருக்குக் குடுத்தது..." என்று ஆரம்பித்தேன். முடிக்கும் முன்பே அவள் பையிலிருந்து நாடாக்களை எடுத்துவிட்டாள்.

குழாய்த் தண்ணீரில் ஒரு நாடா, பானைத் தண்ணீரில் ஒரு நாடா. முதலாவது சிவந்தது. இரண்டாவது மஞ்சளாகவே நின்றது. ஒரு செடி கண்டுபிடித்துக் கொடுத்ததை இன்னொரு செடியை வைத்து நானே ஒளித்து வைத்திருக்கிறேன். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளுமாம். யானைக்காவது அது குளிர்ச்சி.

டீச்சருக்கு அழுகை ஒரு நிமிஷம், அப்புறம் பார்த்தால் கண் பளபளக்கிறது. "யக்கா, மண்ணோட சேந்து ஈயத்தையும் இது பிடிச்சுக் கீழ இறக்கிருச்சு! இத வச்சே இன்னொரு கட்டுரை எழுதலாம்!" என்றாள். எழுது தாயி, எழுது. என் குடி கெட்டதில் உனக்கு ஒரு கட்டுரையாவது மிஞ்சட்டும்.

"அப்போ உரசுன தண்ணி குடிக்கலாம்லா? எம் மவ வந்தா அதையே குடுத்துருதேன்" என்றேன், கொஞ்சம் ஆசையோடு.

அவள் தலையை ஆட்டினாள். "வேண்டாம்க்கா. முழுசாப் போகல, கொறஞ்சிருக்கு, அவ்வளவுதான். ஒரு நாளு கூடும், ஒரு நாளு கொறையும். மாசமா இருக்கிறவளுக்கும் கைப்பிள்ளைக்கும் கொஞ்சம் ஈயமே அதிகம். எந் தங்கச்சியா இருந்தா நான் குடுக்க மாட்டேன்."

அவளே அலுவலகத்துக்கும் ஓடினாள். சிவசுப்பிரமணியன் சார் பொறுமையாகக் கேட்டாராம். கேட்டுவிட்டு, "அப்ப மாதிரியைக் கெடுத்தது நாங்க இல்ல, அந்தம்மா. அத அவங்க கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தா மறுபரிசோதனைக்கு எடுத்துக்கலாம்" என்றாராம். அவர் படிவத்தில் எழுதிய பொய்க்கு யார் கையெழுத்துப் போடுவது என்று டீச்சர் கேட்கவில்லை. படித்தவள், பயம் இருக்கும்.

கடிதத்தை டீச்சரே தட்டச்சு செய்து கொண்டுவந்தாள். 'நான், சீனித்தாய், க/பெ அய்யாக்குட்டி, எனது அறியாமையால்...' அதற்கு மேல் நான் படிக்கவில்லை. அறியாமையாம். தெருவுக்கே கணக்கு வழக்குச் சொல்கிறவள் நான். செயலாளர் பெண்டாட்டியால்தான் தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை என்று நாளைக்கு ஊர் பேசும். முருகேஸ்வரி காதுக்கும் போகும். "நாளைக்குப் போடுதேன்" என்று கல்லாவுக்கு அடியில் வைத்தேன். நாளை நாளை என்று எட்டு நாள் ஆயிற்று. வீட்டுக்காரரிடமும் சொல்லவில்லை. அலுவலகத்துக்காரர்களை மூன்றாம் கட்டம் மூன்றாம் கட்டம் என்று நான் வைத வசவெல்லாம் அந்தக் கல்லாவுக்கு அடியில் கிடந்தன.

ஒன்பதாம் நாள் போன் வந்தது.

"மதினி, பேப்பர் பாத்தோம்" என்றாள் முருகேஸ்வரி. குரலில் தேன். "உங்க தெருத் தண்ணி நல்ல தண்ணின்னு கவர்ன்மெண்டே சொல்லிட்டாவளே! நாந்தான் அவசரப்பட்டுப் பேசிட்டேன், மனசுல வச்சுக்கிடாதிய. பிள்ளயும் அம்மா அம்மான்னு ராத்திரில்லாம் பொலம்புதா. வார வெள்ளிக்கிழமை நல்ல நாளு, கொண்டாந்து விட்டுருதோம்."

பின்னால் என் மகள் குரல் கேட்டது. "எம்மா, மாங்கா வாங்கி வைய்யி!"

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் மூன்று மாதம் கழித்து அந்தப் பொம்பளை என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள், என் பிள்ளை மாங்காய் கேட்கிறாள். "வரட்டும் மதினி, வரட்டும்" என்றுதான் வந்தது. போனை வைத்துவிட்டு அழுதேன். சந்தோஷமா துக்கமா என்று கேட்டால் எனக்கே தெரியாது. கடைக்கு வந்த ஒருத்தி அரைக் கிலோ உளுந்து கேட்டாள். பச்சைப்பயறு போட்டுக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு மாப்பிள்ளை கார் வந்து நின்றது. தெருமுனையில் பேச்சிராஜா பிளெக்ஸில் கும்பிட்டு வரவேற்றான். என் வீட்டுக்காரர் ஆரத்தித் தட்டோடு நின்றார். பக்கத்து வீட்டு ஜனமெல்லாம் வாசலுக்கு வந்தார்கள். முதலில் முருகேஸ்வரி இறங்கினாள், அவள் பின்னால் இசக்கிசெல்வி வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினாள். முகம் ஊதி, மூக்கு பருத்து, பார்க்கவே அழகாக இருந்தாள். வெயில் மண்டையைப் பிளந்தது. படியில் கால் வைக்கும் முன்பே சொன்னாள்:

"எம்மா, தண்ணி குடு. நாக்கு ஒட்டுது."

உள்ளே பானை நிறைய இருந்தது. காலையில் இரண்டு மடங்கு உரசியிருந்தேன், மூன்று மடங்கு என்றுகூடச் சொல்லலாம். செம்பைக் கையில் எடுத்தேன். மொண்டேன். தண்ணீர் அவ்வளவு தெளிவாக இருந்தது, செம்பின் அடியில் பொறித்த என் பெயர் தெரிந்தது. வாசல் வரை கொண்டுவந்தேன். அவள் கையை நீட்டினாள்.

என்னால் முடியவில்லை. ஊரை ஏமாற்றலாம், அதிகாரியை ஏமாற்றலாம், எட்டு நாளாக என்னையே ஏமாற்றியாயிற்று. அந்த வயிற்றை எப்படி ஏமாற்றுவது? செம்பை அப்படியே வாசல் கோலத்தின் மேல் கவிழ்த்தேன்.

"ஏளா! கிறுக்கு பிடிச்சிருச்சா உனக்கு?" என்றார் வீட்டுக்காரர்.

"ஆமா, பிடிச்சிருச்சு. பிள்ளய உள்ள கூப்பிடாதிய." சத்தம் போட்டுத்தான் சொன்னேன். நாலு வீடு தள்ளி இருக்கிறவளுக்கும் மறுபடி சொல்ல வேண்டிய வேலை மிச்சம் பாருங்கள். "இந்தத் தண்ணில ஈயம் இருக்கு. ரிப்போர்ட் பொய்யி. பொய்யாக்குனது நாந்தான். அன்னைக்கு அந்தச் சாருக்குத் தேத்தாங்கொட்டை உரசித் தெளிஞ்ச தண்ணியாக் குடுத்தேன். கலங்கத் தண்ணி குடுக்க எனக்கு வெக்கமா இருந்துச்சு. போதுமா? எல்லாருக்கும் கேட்டுச்சா?"

என் வீட்டுக்காரர் ஆரத்தித் தட்டோடு அப்படியே நின்றார். கற்பூரம் தானாக எரிந்து அணைந்தது. நான் கடைக்குள் போய்க் கல்லாவுக்கு அடியிலிருந்து கடிதத்தை எடுத்து, 'அறியாமையால்' என்பதை அடித்துவிட்டு 'வெட்கத்தால்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அவர் தட்டிலேயே வைத்தேன்.

"பத்தாவது மனு. இன்னைக்கே கொண்டுபோய்க் குடுங்க."

பிறகு முருகேஸ்வரியிடம் திரும்பினேன். அவள் இடுப்பில் கை வைத்து நின்றிருந்தாள். என்ன சொல்லப்போகிறாளோ, சொல்லட்டும், இன்று அவள் முறை.

"மதினி, எம் பிள்ளய இங்கன வச்சுப் பாக்க எனக்கு வக்கில்ல. உங்க வீட்லயே பிரசவம் பாருங்க. கூட நானும் வாரேன். சம்பந்தி வீட்ல வந்து உக்காந்துக்கிட்டான்னு ஊரு சொல்லும், சொல்லட்டும். அடுக்களை மூலைல ஒரு பாய் போட்டா போதும்."

அவள் இடுப்பிலிருந்து கையை எடுத்தாள். சிரிக்கவும் இல்லை, முகத்தைச் சுளிக்கவும் இல்லை.

"மூலை எதுக்கு? கட்டில் இருக்கு" என்றாள்.

"எம்மா, தண்ணி" என்றாள் என் மகள் மறுபடியும், காரின் கதவைப் பிடித்துக்கொண்டு.

முருகேஸ்வரி தோளில் மாட்டியிருந்த பையைத் திறந்து பாட்டிலை எடுத்தாள். அதே பச்சை மூடி. ரிப்போர்ட்டை நம்பி வந்தவள், பாட்டிலை விட்டுவிட்டு வரவில்லை. என் மகளிடம் நீட்டப் போனாள், என்ன நினைத்தாளோ, கையைத் திருப்பி என்னிடம் நீட்டினாள்.

வாங்கினேன். மூடியைத் திறந்தேன். என் வீட்டு வாசலில், தெருவே பார்க்க, சம்பந்தி கொண்டுவந்த தண்ணீரை என் கையால் என் மகளுக்குக் கொடுத்தேன். அவள் அண்ணாந்து குடித்தாள். பாதி பாட்டில் தீர்ந்ததும் நிறுத்தி மூச்சு வாங்கிவிட்டு, "நீயும் குடிம்மா" என்றாள்.